தொண்டை அடைப்பான்: ஊசி முகாம் காலனிக்கும் வர வேண்டும்

குழந்தைக்குத் தொண்டை வலி, லேசான காய்ச்சல். 'சளிதானே' என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று நாளில் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படலம் படர்ந்து, கழுத்து வீங்கி, மூச்சுத் திணறினால் அது சளி அல்ல. டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பானாக இருக்கலாம்.

இருமல், தும்மல் மூலம் பரவும் இந்தக் கிருமியின் நச்சு, ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நச்சுமுறி மருந்தை உடனே செலுத்த வேண்டும். சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும்.

ஆனால், இது தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய். குழந்தை பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. ஒன்றரை வயதிலும், 5 வயதிலும் முத்தடுப்பு ஊசி. 10, 16 வயதில் டி.டி. ஊசி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அத்தனையும் இலவசம்.

முதல் மூன்று ஊசியைப் பெரும்பாலும் போட்டுவிடுகிறோம். பிந்தைய ஊசிகள்தான் விட்டுப்போகின்றன. 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் இந்நோய் பரவியபோது பதின்வயதுப் பிள்ளைகளும் இறந்தனர்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் தலித் குடும்பங்களில் இந்த ஊசிகள் தவறுவது எளிது. முகாம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தால், கூலியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கத் தயங்கும் தாய்மார்களும் உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடத்தப்பட்டு 2006-ல் நூலாக வெளியான ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிவு செய்தது.

ஊசி சலுகை அல்ல, உரிமை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் பட்டியல் சமூகத்தவர் நுழைவதைத் தடுப்பது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி குற்றம். காலனி அங்கன்வாடியிலும் முகாம் நடத்த வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம்.

வெளியூர் வேலைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையைத் துணிமூட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்திலும் ஊசி போடலாம். தவணை தவறியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். விட்ட ஊசியைப் பிறகும் போட்டுக்கொள்ள முடியும்.

மாணவர்களே, உங்கள் 10 வயது, 16 வயது ஊசிகள் போட்டாயிற்றா? இன்றிரவே வீட்டில் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். தம்பி, தங்கையின் அட்டையையும் சேர்த்துப் பாருங்கள்.