ஜலதோஷமும் தொண்டை வலியும்

மார்கழி பிறந்துவிட்டால், பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் தறிக்கூடங்களிலும், பொன்னேரிப் பக்கத்து வயல்களிலும் தும்மலும் இருமலும் கேட்கத் தொடங்கிவிடும். பாவு தறியில் இருக்கையில் நெசவாளர் படுத்தால் கூலி இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவே. ஆகவே, ஒரே நாளில் குணமாக வேண்டுமென்று மருந்துக்கடையில் கேட்டு, பெயர் அறியாத மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறோம். கணக்குப் பார்ப்பதே நமது உத்தியோகமாதலால், இந்தச் செலவையும் சற்றுத் தணிக்கை செய்வோம்.

ஜலதோஷம் வைரஸ் கிருமிகளால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாட்களில் உடலே நோயை வென்றுவிடும். அதுவரை உபத்திரவத்தைத் தணிப்பதே நாம் செய்யக்கூடியது.

அதற்கு வேண்டியவை அடுக்களையிலேயே உள்ளன. ஒரு டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பொறுக்கும் சூட்டில் நாளுக்கு மூன்று நான்கு தடவை தொண்டையில் படும்படி கொப்பளித்துத் துப்பலாம். கஞ்சி, மிளகு ரசம், சுக்குக் கஷாயம் யாவும் இதமளிப்பவை. படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும்; ஆனால் ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் கூடவே கூடாது. ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து சிறுவர் வெந்துபோவதுண்டு.

இருமல் ‘சிரப்’ விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ மருந்தை உட்கொண்டு, 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டறிந்தது. இத்தகைய மருந்துகளை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக ஏற்றவையல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது.

வீட்டு வைத்தியத்திற்கும் எல்லை உண்டு. மூக்கொழுகலும் இருமலும் இன்றி, காய்ச்சலுடன் தொண்டை வலித்துக் கழுத்தில் நெறி கட்டினால், பாக்டீரியா காரணமாயிருக்கலாம். பள்ளிச் சிறுவர்களுக்கு இதைக் கவனியாது விட்டால், பின்னர் கீல்வாதக் காய்ச்சல் கண்டு இருதய வால்வே கெட நேரிடும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தால், வலி நின்றபோதிலும் சொன்ன நாள் முழுதும் கொடுத்துத் தீர வேண்டும். மூச்சுத் திணறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, 108-ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலைப் பஞ்சுத் தூசியின் மேல் பழிபோட்டு அலட்சியம் செய்யும் நெசவாளர்கள் பலர். அவர்கள் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணம் இல்லை.