குப்பையைப் புதைத்தால் போதுமா?



களைக்கொல்லி வந்த டின் காலியானால் அது எங்கே போகிறது? நாம் தோட்டப் பள்ளியில் படித்த நாளில், நல்ல டின்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மழைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வோம். ஓட்டை டின்கள் ஸ்டோருக்குப் பின்னால் குழிக்குள் போகும். மேலே நாலு வெட்டு மண். "கண்ணுக்குத் தெரியலே, தொல்லை விட்டுச்சு" என்பார் மண்டோர். குழிக்குக் கீழே ஓடிய ஆற்றில்தான் நம் அம்மாமார் துணி துவைத்தார்கள். டின்னில் என்ன இருந்தது என்று நாம் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

ஆனால், கேட்ட மக்கள் நம் பேராக்கிலேயே இருக்கிறார்கள்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், லஹாட் வட்டாரத்தில் உள்ளது புக்கிட் மேரா. 1982இல் அங்கே 'ஏஷியன் ரேர் எர்த்' என்ற ஆலை வேலையைத் தொடங்கியது. ஈயலம்பத்தில் ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் 'அமாங்' மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலிருந்து கலர் டெலிவிஷன் போன்ற சாமான்களுக்கு வேண்டிய அரிய மண் உலோகங்களை எடுத்தார்கள். கழிவில் மிஞ்சியது தோரியம். அது கதிர்வீச்சு உள்ள பொருள். அந்தக் கதிருக்கு நிறமில்லை, வாடையில்லை. தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும்!

இந்தக் கழிவைப் பக்கத்து ஊரான பாபானில் குழி வெட்டிப் போட ஏற்பாடு நடந்தது. 1984இல் பாபான் மக்கள் திரண்டு நின்று மறுத்தார்கள். அந்த இடம் கைவிடப்பட்டது. 1985இல் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர், ஊருக்காக ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் வென்றார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்ய, 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. இருந்தாலும் ஆலை திரும்ப ஓடவில்லை. 1994 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தார்கள்.

கதை அத்தோடு முடிந்ததா? இல்லை. இடத்தைச் சுத்தம் செய்து, கழிவைக் கிளேடாங் மலைப் பகுதியில் பத்திரமாகப் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அதன் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு எழுதியது. குப்பை எங்கே போகும் என்று முதலிலேயே கேட்காததற்குக் கொடுத்த விலை இது.

நம் மருந்து டின் தோரியம் அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்: இதில் என்ன இருக்கிறது, இது எங்கே போகிறது?

பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதற்காக மற்ற மருந்தெல்லாம் இளநீர் என்று நினைக்க வேண்டாம். காலி டின்னை மூன்று முறை அலசுங்கள். அலசிய தண்ணீரை ஆற்றில் ஊற்றாமல் மருந்துப் பம்பிலேயே ஊற்றுங்கள். டின்னில் ஓட்டை போட்டு, எண்ணி ஸ்டோரில் ஒப்படையுங்கள். எரிக்காதீர்கள், வீட்டுக்கும் கொண்டு போகாதீர்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். விஷம் பட்ட டின்கள் அட்டவணைக் கழிவு என்று 2005ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவற்றை முறைப்படி அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. சம்பளத்தில் பிடித்து உங்கள் தலையில் கட்டுவதற்கல்ல!

நம் மேலும் குறை உண்டு. சம்பள உயர்வுக்கு எத்தனையோ மனு எழுதிய சங்கத்தார் நாம், டின்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்போமா? இனி எழுதுவோம். அடுத்த கூட்டத்தில் இதை யாராவது ஒரு தாய் எழுந்து கேட்கட்டும். புக்கிட் மேராவில் வழக்குப் போட முன்வந்தவர்கள் எட்டே பேர்தானே!