நிறுவைத் துண்டு சரியாக வருகிறதா? அச்சு மெசினைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

முன்பெல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். நாம் சாக்கை உதறிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிடுவோம். இப்போது சில தோட்டங்களில் மின்சாரத் தராசும், அதோடு ஒரு சின்ன அச்சு மெசினும் வந்திருக்கின்றன. நிறுத்தவுடன் கிலோ அச்சாகி ஒரு துண்டு கைக்கு வருகிறது.

"இந்தத் துண்டு எதுக்குங்க ஐயா, அடுப்புப் பத்த வைக்கத்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியில்லை. அன்றைய கொழுந்து எத்தனை கிலோ என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் அத்தாட்சி அது ஒன்றுதான். பேர் விழுந்ததா, அரைப்பேரா, மேலதிகக் கிலோ எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கிலோவைக் கொண்டுதான் தீர்மானமாகிறது. ஆகவே அந்தத் துண்டைத் தரும் மெசினைப் பற்றி ஓரளவு தெரிந்து வைத்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

மையில்லாமல் அச்சாவது எப்படி?

இந்த மெசினுக்குள் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. தாளின் ஒரு பக்கத்தில் சூடு பட்டால் கறுக்கும் மருந்து பூசியிருக்கும். மெசினின் தலைப்பகுதியில் மிகச் சிறிய சூட்டுப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலான மெசின்களில் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள். எந்தப் புள்ளி சூடாகிறதோ அதற்கு நேரே தாள் கறுக்கும். கையில் தூக்கிச் செல்லும் மெசின்களுக்கு அதிகமாகப் பாவிப்பது 58 மில்லிமீற்றர் அகலமான தாள். கடைகளில் வைத்திருக்கும் பெரிய மெசின்களுக்கு 80 மில்லிமீற்றர்.

தாளில் மருந்துப் பக்கம் எது என்று அறிய நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறிப் பாருங்கள். உரசும் சூட்டில் கறுப்புக் கோடு விழுந்தால் அதுவே மருந்துப் பக்கம்.

மெசினைச் சோதிக்கும் முறை

அநேகமான மெசின்களில் தாளைத் தள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. மெசினை நிறுத்தி, அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் போட்டால் அது தானாக ஒரு சோதனைத் துண்டை அச்சடிக்கும். காலையில் முதல் நிறுவைக்கு முன்னர் இதைச் செய்துவிட்டால் நல்லது. சோதனைத் துண்டு தெளிவாக வந்தும் நிறுவைத் துண்டு வராவிட்டால், அச்சு மெசினில் பிழையில்லை. தராசுக்கும் அதற்கும் இடையிலுள்ள தொடர்பில், அதாவது வயரில் அல்லது புளூடூத்தில்தான் கோளாறு. சோதனைத் துண்டே வராவிட்டால் பெட்டரியையும் தாளையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது அச்சுக்கான சோதனை மட்டுமே. தராசு சரியாக நிறுக்கிறதா என்பதை இது சொல்லாது. அதற்கு, தெரிந்த எடையுள்ள படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும்.

கோளாறுகளும் காரணங்களும்

வெறும் தாள் வருகிறது: ரோல் தலைகீழாகப் போடப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் சரி.

எழுத்து மங்கலாக வருகிறது: பெட்டரி இறங்கியிருக்கலாம். அல்லது தலைப்பகுதியில் கொழுந்துத் தூசியும் பிசினும் படிந்திருக்கலாம். மெசினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போட வேண்டும். பிளேட், கத்தி கொண்டு சுரண்டவே கூடாது. இது மெசினுக்குப் பொறுப்பானவர் செய்யும் வேலை. நாம் எடுத்துச் சொல்லலாம்.

மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு விழுகிறது: அந்த இடத்துப் புள்ளியில் அழுக்கு இருக்கிறது, அல்லது அது எரிந்துவிட்டது. இதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். 8 என்ற இலக்கத்தின் இடது ஓரத்தில் கோடு விழுந்தால் அது 3 போலத் தெரியும். 18 கிலோ 13 ஆகிவிடும். 5 கிலோ போச்சு!

பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறியும் கிறுக்கலும் வருகின்றன: அந்த மெசினில் தமிழ் எழுத்து இல்லாமல் இருக்கலாம். பெயரைப் பார்க்க முடியாவிட்டால் உங்கள் பதிவு இலக்கத்தைப் பாருங்கள்.

ஓரத்தில் சிவப்புக் கோடு வருகிறது: பல ரோல்களில் இது தாள் முடியப் போவதற்கான அடையாளம். வேறு ரோல் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள்.

தாள் நனைந்துவிட்டது: மழையிலும் பனியிலும் ஈரமான தாள் மெசினுக்குள் சிக்கிக்கொள்ளும். ரோலைப் பொலித்தீன் பையில் வைத்திருக்க வேண்டும்.

துண்டு வராவிட்டால் என்ன செய்வது?

"மெசின் வேலை செய்யல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொன்னால் அப்படியே போய்விடாதீர்கள். துண்டு வராவிட்டாலும் தராசின் முகத்தில் கிலோ தெரியும். அதைப் பார்த்து, கணக்கில் எழுதச் சொல்லி, நீங்களும் ஒரு சின்னக் கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பல மெசின்களில் கடைசித் துண்டை மறுபடியும் எடுக்கலாம். அதையும் கேட்டுப் பாருங்கள். எழுத வராத தாய்மார் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

காலையில் 7, பகலில் 9, மாலையில் 6 என்றால் மொத்தம் 22 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்திருந்தால் எவ்வளவு என்று கேட்டுத் தனியாக எழுதுங்கள். பிழை கண்டால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். தீராவிட்டால் தோட்டத் தலைவரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ வாருங்கள். ஒரு மாதம் கழித்து வந்து சொன்னால் யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

துண்டைப் பாதுகாத்தல்

சூட்டில் பிறந்த எழுத்து சூட்டிலேயே கெட்டுப்போகும். அடுப்புக்கு மேலே செருகி வைத்தால் தாள் முழுவதும் கறுத்துவிடும். வெயில், தேங்காயெண்ணெய், ஒட்டும் டேப், சிலவகைப் பிளாஸ்டிக் உறைகள் பட்டால் எழுத்து வெளிறிவிடும். லெமினேட் பண்ணவே கூடாது. கடதாசி உறையில் போட்டு, லயத்தில் ஈரமில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள். நீண்ட நாள் தேவைப்படும் துண்டை போட்டோ கொப்பி எடுங்கள், அல்லது போனில் படம் பிடியுங்கள். வங்கி மெசினில் வரும் துண்டும், கடைப் பற்றுச்சீட்டும் அநேகமாக இதே வகைத் தாள்தான்.

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது துண்டை வாயில் கவ்வுவது நம் பெண்களின் பழக்கம். இதை விட்டுவிட வேண்டும். இந்தத் தாளில் பூசும் மருந்தில் பெரும்பாலும் பிஸ்பினோல் என்ற வகை இரசாயனம் சேர்க்கப்படுகிறது. உடலுக்கு அது ஆகாது. பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதும், பலகாரம் சுற்றுவதும் வேண்டாம்.

சம்பளத்தன்று ஒரு மணித்தியாலம்

மாதக் கடைசியில் துண்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி, கிலோவைக் கூட்டி, சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட்டிருக்கும். தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் தோட்டமே கட்டுவது. கிலோ குறைந்து சம்பளம் குறைந்தால், இந்தச் சேமிப்பும் சேர்ந்தே குறைகிறது.

மலையில் பட்ட பாட்டுக்கு அந்தச் சின்னத் துண்டுதான் சாட்சி. வாங்குங்கள், வாசியுங்கள், பத்திரமாக வையுங்கள்.