உங்களுக்குத் தெரியுமா? கொழுந்து மலையிலும் உயர் குருதி அமுக்கம்

நாடிகளின் சுவரைக் குருதி அழுத்தும் விசை, இதயம் சுருங்கும்போது 140 மில்லிமீற்றர் இரசத்தையோ, விரியும்போது 90ஐயோ தொடர்ந்து எட்டுமாயின், அந்நிலை உயர் குருதி அமுக்கம் எனப்படும். இலங்கை மலையகத்து நோர்வூட்டின் மலைச்சரிவுகளில் நாள் முழுதும் நின்று தேயிலைக் கொழுந்து பறிப்போரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. ஏனெனில் உடலுழைப்பு தரும் காப்பை, ரொட்டிக்குத் துணையாகும் கருவாட்டிலும் சம்பலிலும் மிகும் உப்பும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், மதுவும் குறைத்துவிடுகின்றன. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும், குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரும்பாலும் அறிகுறியின்றி வளரும் இந்நோய் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றில் முடியக்கூடுமாதலால், இந்திய உதவியுடன் 2017இல் புதிய கட்டடம் பெற்ற டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்படும் மாத்திரைகளை, உடல் நலமாகத் தோன்றும் நாளிலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது.