கப்பல் ஏறுமுன் கேட்க வேண்டியது: சோறும் தண்ணீரும்

கப்பலில் வேலை பார்ப்பவரின் சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் அவரிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ல் ஜெனீவாவில் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அது 2013 ஆகஸ்ட் 20 முதல் அமலில் இருக்கிறது. இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டு, 2016-ல் தனி விதிகளையும் கொண்டுவந்தது. ஆனால் தூத்துக்குடியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கிளம்புகிற பையனிடம் வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக் கப்பல், எத்தனை மாத ஒப்பந்தம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவனும் கேட்பதில்லை. சாப்பாடு எப்படியும் போடத்தானே செய்வார்கள் என்ற நினைப்புதான்.

போடுவார்கள், ஸ்டோரில் இருக்கிற வரை. பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிச் சீனாவுக்குப் போகிற சரக்குக் கப்பல் சுமார் 11,000 கடல் மைல் ஓட வேண்டும். மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போனால் 35 நாள். போய்ச் சேர்ந்ததும் துறைமுகத்தில் இடமில்லையென்றால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும்; அது எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் அரிசி தீர்ந்தால் கடை கிடையாது. குறை சொன்னால் வந்து பார்க்க அதிகாரியும் கிடையாது. சாப்பாட்டு உரிமையை உண்மையில் கேட்டுப் பெற முடிகிற இடம் துறைமுகம்தான். அதுவும் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பு.

சாமான் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கத்தரி விழுகிறது என்பதும் தெரியும். சீஃப் குக் பட்டியல் எழுதுவார். கேப்டன் பார்த்துக் கம்பெனிக்கு அனுப்புவார். கம்பெனி ஒப்புதல் தந்தபின் துறைமுகத்தில் இருக்கும் சாண்ட்லர் என்கிற கப்பல் சாமான் வியாபாரி கொண்டுவந்து ஏற்றுவார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று கம்பெனி கணக்கு வைத்திருக்கும். உடன்படிக்கை இந்தத் தொகையை நிர்ணயிக்கவில்லை. சாப்பாடு போதுமான அளவும் தரமும் சத்தும் உள்ளதாக இருக்க வேண்டும், கப்பலில் இருப்பவர்களின் மதத்தையும் பழக்கத்தையும் கருதியதாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. எனவே கம்பெனி சிக்கனம் பிடித்தால் அரிசி குறையாது. முதலில் குறைவது பழமும் காய்கறியும். கீரை வகை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. பிறகு முட்டைக்கோஸ், கேரட், பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று ஓடும். ஆப்பிளையும் கீரையையும் ஒரே குளிர் அறையில் அடைத்தால் ஆப்பிள் விடுகிற வாயுவில் கீரை இன்னும் சீக்கிரம் பழுத்துப்போகும். நாலாவது வாரத்தில் தட்டில் மிஞ்சுவது வெள்ளைச் சோறு, உறைந்த கோழி, நூடுல்ஸ்.

அந்தத் தட்டு வயிற்றை நிரப்பும், ஆளைப் படுக்கவும் வைக்கும். எலுமிச்சையும் ஆரஞ்சும் இல்லாமல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கிய ஸ்கர்வி கதை பலருக்குத் தெரியும். சோறு தின்னும் நம்மைப் போன்றவர்கள் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது பெரிபெரி. வைட்டமின் பி1 குறைவால் வருவது. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு அந்தச் சத்தும் போய்விடுகிறது. 1882-ல் ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று நீண்ட பயணம் போனது. அதிலிருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது. 25 பேர் செத்துப்போனார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884-ல் ட்சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து, இறைச்சியும் பாலும் சேர்த்துக் கொடுக்கச் செய்தார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. புரதம் குறைந்ததுதான் காரணம் என்று அவர் நினைத்தது தப்பு. வைத்தியம் மட்டும் பலித்தது!

இது பழைய கதையில்லை. மாதக்கணக்கில் கரைக்கு வராத தொலைதூர மீன்பிடிக் கப்பல்களில் பெரிபெரி வந்து ஆட்கள் இறப்பதைச் செய்தியாளர்கள் இந்தக் காலத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். கால் மரத்துப்போவது, கணுக்கால் வீங்குவது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது என்று ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வந்தால் அதை வேலைக் களைப்பு என்று விடக் கூடாது. கேப்டன் வழியாக வானொலி மருத்துவ ஆலோசனை கேட்கச் சொல்ல வேண்டும். அதுவும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சேவைதான். பி1 மருந்து கொடுத்தால் வேகமாகத் தேறுகிற நோய் இது. நம் ஊர்ப் புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால் தீட்டிய பிறகும் ஓரளவு தங்கியிருக்கும். சாமான் பட்டியல் எழுதும்போது புழுங்கல் அரிசி, பருப்பு, பயறு, வேர்க்கடலை சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் நாக்கு ருசி மட்டுமில்லை, காரணமும் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சித் தாங்களே நன்னீர் செய்துகொள்கின்றன. மெயின் எஞ்சினின் சூட்டை வைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, ஐம்பது அறுபது டிகிரியிலேயே ஆவியாக்குகிற எந்திரம் அது. அந்தச் சூட்டில் எல்லாக் கிருமியும் சாகாது. அதனால் குளோரினோ புற ஊதா விளக்கோ வைத்துச் சுத்தப்படுத்த வேண்டும், தாது உப்புகளும் சேர்க்க வேண்டும். கரையோரத்துக் கழிவு கலந்த தண்ணீரை இதில் ஏற்றக் கூடாது. இதில் ஒரு சங்கடம் உண்டு. எஞ்சின் ஓடினால்தான் தண்ணீர். நங்கூரத்தில் நிற்கிற கப்பல் தொட்டியில் உள்ளதைக் குடித்துக்கொண்டே நிற்கிறது. டீசலும் தீர்ந்தால் ஜெனரேட்டர் நிற்கும், குளிர் அறை நிற்கும், இறைச்சி கெடும், அடுப்பும் அணையும். தண்ணீர் துருநிறத்தில் வருகிறது, குளிக்க நேரம் குறித்துவிட்டார்கள், லைஃப்போட்டில் வைத்திருக்கும் அவசரகாலத் தண்ணீரையும் பிஸ்கட்டையும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பவை எல்லாம் ஒரே திசையைக் காட்டுகிற அறிகுறிகள். லைஃப்போட்டில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் இருந்தாக வேண்டும். கப்பல் மூழ்கும்போது வேண்டியது அது. ஸ்டோர் காலியானதற்கு ஈடு கிடையாது.

விதிகள் இன்னும் சிலவற்றைக் கேட்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டிய கப்பலில் முறையாகப் பயிற்சி பெற்ற சமையற்காரர் இருந்தாக வேண்டும். அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஸ்டோர், குளிர் அறை, தண்ணீர்த் தொட்டி, சமையற்கட்டு எல்லாவற்றையும் கேப்டனோ அவர் சொல்கிறவரோ அடிக்கடி சோதித்து எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 2022-ல் ஏற்கப்பட்டு, 2024 டிசம்பர் 23 முதல் அமலான திருத்தம் குடிநீர் இலவசம் என்பதையும் உணவு சமச்சீராக இருக்க வேண்டும் என்பதையும் இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கப்பலில் விற்கும் சிகரெட், குளிர்பானம், சாக்லேட் போன்றவற்றுக்குக் காசு பிடிப்பார்கள், அது முறைதான். சோற்றுக்கும் தண்ணீருக்கும் பிடித்தால்தான் சட்டமீறல்.

குறை இருந்தால் என்ன செய்வது? முதலில் ஆதாரம். காலி ஸ்டோர், பூச்சி விழுந்த மாவு, துருத் தண்ணீர் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுங்கள். என்ன சாப்பாடு கிடைத்தது என்று நாள்தோறும் நோட்டில் எழுதுங்கள். ஒருவர் புலம்புவதைவிட நாலு பேர் கையெழுத்திட்ட தாள் கனமானது. வேலையில் சேரும்போதே ஒப்பந்த நகலோடு, கப்பலுக்குள் புகார் செய்யும் முறையை விளக்கும் தாளும் தரப்பட வேண்டும். அதன்படி மேலதிகாரியிடம், பிறகு கேப்டனிடம். நேராகக் கேப்டனிடமும் போகலாம், வெளி அதிகாரிகளிடமும் போகலாம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகவும் உரிமை உண்டு. புகார் செய்தவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டது. அது நடைமுறையில் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் துறைமுக அதிகாரியிடம் தருகிற புகாரில் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அந்தத் துறைமுகப் புகார்தான் கையில் உள்ள பெரிய ஆயுதம். உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்குள் வருகிற கப்பலை, அது பதிவான கொடி நாடு ஏற்காவிட்டாலும், அங்குள்ள அதிகாரிகள் சோதிக்கலாம். உணவும் தண்ணீரும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. நிலைமை மோசமென்றால் சரிசெய்யும் வரை கப்பலை நகர விடமாட்டார்கள். ஒரு நாள் தாமதமானாலே முதலாளிக்குப் பெரிய நஷ்டம் என்பதால், மாதக்கணக்கில் வராத காய்கறி மறுநாளே வந்துவிடும். பல துறைமுகங்களில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐடிஎஃப் அமைப்பின் ஆய்வாளர்களும், ஸ்டெல்லா மாரிஸ், மிஷன் டு சீஃபேரர்ஸ் போன்ற மாலுமிகள் நல அமைப்புகளும் உண்டு. சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவிச் சேவை இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது.

முதலாளி கையைக் கழுவிவிட்டால் கதை வேறு. ஐடிஎஃப் கணக்குப்படி 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் அதிகம் பேர் இந்தியர்கள். ஊர் திரும்பச் செலவு தராவிட்டாலோ, உணவும் தண்ணீரும் எரிபொருளும் தராமல் விட்டாலோ, இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலோ சட்டப்படி அது கைவிடல். 2017 ஜனவரி முதல் இதற்கென்று ஒவ்வொரு கப்பலுக்கும் காப்பீடு இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். காப்பீட்டாளரின் தொடர்பு விவரம் அதிலேயே இருக்கும். அவரிடம் மாலுமிகள் நேராகவே கேட்கலாம். நாலு மாதம் வரையிலான சம்பள பாக்கி, ஊர் திரும்பும் செலவு, அதுவரை சாப்பாடு தண்ணீர் எல்லாம் காப்பீட்டாளர் பொறுப்பு. சைன் ஆன் செய்து வேலையில் சேர்ந்த அன்றே அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சான்றிதழே இல்லாத கப்பலென்றால் ஏறாமல் இருப்பதே மேல். கப்பல் தமிழகக் கடற்பகுதியில் நின்றால் 2017-ம் ஆண்டின் கடல்வழக்குச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதைப் பிடித்துவைக்கக் கேட்கலாம். மற்ற கடன்களுக்கு முன்னால் நிற்பது மாலுமிகளின் சம்பள பாக்கி. அந்த உரிமை இரண்டாண்டு நீடிக்கும், அதனால் ஆறப்போட வேண்டாம்.

இதுவரை சொன்ன சட்டமெல்லாம் சரக்குக் கப்பல்காரர்களுக்கு. மீன்பிடிப் படகுகளுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. மீன்பிடித் தொழிலாளருக்கென்று 2007-ல் வந்த தனி உடன்படிக்கை 2017-ல் அமலானது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல்காரர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறார்கள். டீசல், ஐஸ், ரேஷன் செலவைக் கழித்த பிறகுதான் மிச்சத்தில் பங்கு. அந்த 2007 உடன்படிக்கைகூடப் பங்கு முறையில் ரேஷனைச் செலவில் எழுத இடம் தருகிறது. எனவே இவர்களுக்குக் கைகொடுப்பது கணக்குதான். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கேன் தண்ணீர், என்ன விலை என்பதைப் படகு கிளம்புமுன் எல்லோர் முன்னாலும் எழுதி வையுங்கள். திட்டமிட்ட நாளைவிடக் கூடுதலாக ஒரு வாரத்துத் தண்ணீரைத் தனி இடத்தில் வைப்பது செலவு போலத் தெரியும். எஞ்சின் பழுதாகி மிதக்கும்போது அது உயிர். அப்படியான நேரத்தில் கடலோரக் காவல்படையின் எண் 1554.

வளைகுடாவுக்கும் ஈரானுக்கும் மீன்பிடி வேலைக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் இளப்பம். ஒப்பந்தம் பல நேரம் வாய்ப்பேச்சுதான். 2020 ஜூலையில் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து கடற்படைக் கப்பல் ஜலஷ்வா சுமார் 700 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழக மீனவர்கள். வேலையும் வருமானமும் நின்றபோது சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று எழுதிய தாள் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? ஏஜெண்டு தரும் ஒப்பந்தத்தில் உணவு, தண்ணீர், திரும்பும் டிக்கெட் மூன்றும் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். சிக்கினால் இந்தியத் தூதரகம், வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) என்ற இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை என்று மூன்று கதவையும் ஒரே நாளில் தட்டுங்கள்.

சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டு என்றால் டிஜி ஷிப்பிங் என்று எல்லோரும் சொல்கிற மும்பைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். உரிம எண்ணை அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தரப் பணம் கேட்பதே குற்றம். வீட்டில் இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை: அந்த உரிம எண், ஒப்பந்த நகல், காப்பீட்டுச் சான்றிதழின் படம், கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண். கப்பலின் பெயரையும் கொடியையும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினாலும் அந்த ஏழு இலக்கம் மாறாது. மகனிடமிருந்து போன் வராத வாரத்தில் கப்பல் எங்கே நிற்கிறது என்று இணையத்தில் தேடிப் பார்க்க அது ஒன்று போதும்.