வாசல் திறந்திருக்கிறது, வாடகைதான் இடிக்கிறது

ஆகஸ்ட் மாதத்தில் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் நடந்தால், பத்தடிக்கு ஒருவர் நோட்டீஸை நீட்டுவார். தூறலில் நனைந்தபடி, சாயங்காலம் நிகழ்ச்சிக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிடுவார். கூலிக்கு நோட்டீஸ் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் பல நேரம் அன்று மேடையேறப்போகும் நகைச்சுவைக் கலைஞரே அவர்தான்.

இந்த விழாவுக்கு ஃப்ரிஞ்ச் என்று பெயர். 1947-ல் எடின்பரோ சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து நடித்துவிட்டுப் போயின. அன்று போட்ட பிள்ளையார் சுழி, இன்று 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளாக வளர்ந்திருக்கிறது. விழாச் சங்கம் யாரையும் தேர்வு செய்வதில்லை. யாரையும் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. இடம் பிடித்து, கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் போதும்.

ஏட்டளவில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஆகஸ்டில் எடின்பரோவில் வீட்டு வாடகை எகிறிவிடும். அரங்குக்கு முன்பணம், போஸ்டர், நோட்டீஸ், சாப்பாடு என்று மாதம் முழுக்கச் செலவு. வேலைக்கு லீவு போட வேண்டும். ஊர் திரும்பும்போது பலருக்குக் கடன்தான் மிச்சம். தேர்வுக் குழு செய்யாத வடிகட்டலைப் பணம் செய்துவிடுகிறது.

பட்டியல் சொல்லும் கதை

இங்கே வழங்கப்படும் நகைச்சுவை விருது 1981-ல் பெரியர் விருது என்ற பெயரில் தொடங்கியது. முதல் விருதை வாங்கியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் குழு. ஸ்டீபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் எல்லாம் அதில் இருந்தார்கள். தனியாக நிகழ்ச்சி நடத்தி ஒரு பெண் இந்த விருதை வெல்ல 1995 வரை ஆயிற்று. அவர் ஜென்னி எக்லேர். அடுத்தவர் லாரா சோலன், 2005-ல். அதற்கடுத்து பிரிஜட் கிறிஸ்டி, 2013-ல். விதியில் பெண்களுக்குத் தடை ஏதும் இல்லாத விழாவின் கணக்கு இது.

வாளியோடு நிற்கும் கலைஞர்

கலைஞரைக் கடனாளியாக்கும் இந்தச் செலவுக்கு 1996-ல் பீட்டர் பக்லி ஹில் என்ற கலைஞர் ஒரு மாற்று கண்டுபிடித்தார். மதுக்கூடங்களின் மாடியறையும் பின்னறையும்தான் அரங்கு. கலைஞர் வாடகை தர வேண்டாம், ரசிகர் டிக்கெட் வாங்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். பிடித்திருந்தால் காசு போடலாம்.

இப்படி இலவச மேடையில் வந்த ஜான் கேர்ன்ஸ், 2013-ல் சிறந்த புதுமுகம் விருதையும் மறு ஆண்டே முதன்மை விருதையும் வென்றார். 2013-ன் புதுமுகப் பட்டியலில் அவரோடு போட்டியிட்டவர்களில் ஒருவர் ரொமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்தவர்.

உழைக்கும் வர்க்கக் கலைஞர்களுக்கென்றே ஷான் டேவிஸ் 2018-ல் ‘பெஸ்ட் இன் கிளாஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். பொதுமக்களிடம் நிதி திரட்டி நடக்கும் அந்த மேடைக்கு 2022-ல் எடின்பரோ நகைச்சுவை விருது நடுவர்களின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

தேடிப் போகும் விழா

1987-ல் தொடங்கிய மெல்போர்ன் நகைச்சுவை விழா, ஆள் வரட்டும் என்று காத்திருப்பதோடு நிற்கவில்லை. புதியவர்களுக்கு ‘ரா காமெடி’, பள்ளி மாணவர்களுக்கு ‘கிளாஸ் கிளவுன்ஸ்’, ஆஸ்திரேலியப் பூர்வகுடியினருக்கு ‘டெட்லி ஃபன்னி’ என்று ஊர் ஊராகப் போய்ப் போட்டி நடத்துகிறது. ‘ரா’ மேடையில் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடம். டாஸ்மேனியாவின் சிற்றூரில் வளர்ந்த ஹன்னா கேட்ஸ்பி 2006-ல் அந்த ஐந்து நிமிடத்தில் வென்றார். 2017-ல் அவருடைய ‘நானெட்’ மெல்போர்ன், எடின்பரோ இரண்டிலும் முதன்மை விருது பெற்றது.

சிரிக்க வைப்பதுதானே ஒரே தகுதி, இதில் ஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நகைச்சுவையை வீட்டில் உட்கார்ந்து பழக முடியாது. எந்த வரிக்குச் சிரிப்பு வரும், எந்த வரி படுத்துவிடும் என்பது ஆட்கள் முன்னால் நின்றால்தான் தெரியும். மேடை கிடைக்காதவரிடம் திறமை இல்லை என்று சொல்வது, பரீட்சைக்கே விடாமல் ஃபெயில் போடுவது.

ஃப்ரிஞ்ச் சங்கமும் இதை உணர்ந்துதான் 2024-ல் 180 பேருக்குத் தலா 2,500 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 3,000 நிகழ்ச்சிகளுக்கு நடுவே 180 என்பது சொற்பம். ஆனாலும் திசை சரியானது. எந்த ஊரில் விழா நடத்துபவராக இருந்தாலும், விண்ணப்பித்தவர்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். விண்ணப்பிக்கவே முடியாமல் போனவர்கள் யார், எது தடுத்தது என்று விசாரியுங்கள். தேர்வு விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள். மேடையேறுகிறவருக்கு வழிச்செலவாவது கொடுங்கள்.