வாயில் கரையும் வலி மாத்திரை: வேகம் எதில்?

மாத்திரை முழுங்கத் தெரியாத குழந்தைக்கும், முழுங்க முடியாத அமுச்சிக்கும் போத்தனூர் பக்கம் பல வீடுகள்ல ஒரே வழிதான். ரெண்டு கரண்டிக்கு நடுவுல வெச்சு நுணுக்கி, தேன்ல குழைச்சு ஊட்டறது. பாதி மருந்து கரண்டியிலேயே ஒட்டிக்கும்; எத்தனை மில்லிகிராம் உள்ளே போச்சுன்னு தெரியாது. குடலில் கரைவதற்காக மேல்பூச்சு போட்ட மாத்திரையையும், நாள் முழுக்க மெல்ல மருந்தை விடும் மாத்திரையையும் இப்படி நுணுக்கினால் ஆபத்தும் கூட.

இதற்கு மாற்றாக வந்தவை இரண்டு வகை. ஒன்று, ஒரு கரண்டி தண்ணீரில் போட்டால் கரைவது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலத்தோட ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற 20 மி.கி. ஜிங்க் மாத்திரை இந்த வகைதான். இன்னொன்று, தண்ணீரே இல்லாமல் நாக்கில் வைத்தால் எச்சிலிலேயே கரைவது.

எப்படி இவ்வளவு சீக்கிரம் கரையுது? கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெலோஸ் சோடியம் மாதிரியான பொருட்களைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இவை ஈரத்தை உறிஞ்சி, மாத்திரையை உள்ளிருந்தே பிளந்துவிடும். மானிட்டால் இனிப்பும் குளிர்ச்சியும் தரும். ஆனா அதே குணந்தான் தொல்லையும். மழைக்கால ஈரக்காத்து பட்டாலே மாத்திரை நமத்துப்போகும். அதனால் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

எல்லா வலி மருந்தையும் இப்படிச் செய்யலாமே என்றால், அளவு தடுக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2008 வழிகாட்டுதல்படி, நாக்கில் கரையும் மாத்திரை சுமார் 30 விநாடிக்குள் உடைய வேண்டும். மொத்த எடை 500 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பைராக்சிகாமுக்கு 20 மி.கி. போதும், சுலபம். பெரியவர்களுக்கான பாராசிட்டமாலில் மருந்தே 500 மி.கி.; மற்ற பொருட்களுக்கு இடமேது? போதாததற்குக் கசப்பு வேறு. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும் என்பதால் அங்கே வழி இருக்கிறது.

சரி, வாயில சீக்கிரம் கரைஞ்சா வலியும் சீக்கிரம் போயிருமா? பெரும்பாலும் இல்லீங்க. கரைந்த மருந்தும் எச்சிலோடு வயிற்றுக்குள் போய், சிறுகுடல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. வேகம் தொண்டையைத் தாண்டுவதில்தான்.

அப்புறம் எதுக்கு இத்தனை மெனக்கெடணும்? சிரப் இருக்கிறதே என்று தோன்றும். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனை காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இறந்ததற்கும் இதே நச்சுதான் காரணம். சிரப்பில் மருந்தைக் கரைக்கும் திரவத்தோடு அது நுழைகிறது. மாத்திரைக்கு அந்தத் திரவம் தேவையில்லை. அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். சேமிக்கவும் எடுத்துப்போகவும் சுலபம். குழந்தைகளுக்குக் கரையும் மாத்திரைகளை முன்னிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே சொல்லியிருக்கிறது.

ஆனால் வடிவம் மாறினால் மருந்தின் குணம் மாறாது. வாயில் கரையும் மாத்திரையாகப் பரவலாக விற்ற நிமெசுலைடை, கல்லீரல் பாதிப்பு பயத்தால் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று இந்திய அரசு 2011இல் தடை செய்தது. பைராக்சிகாம் வகை மருந்துகள் வயதானவர்களுக்கு வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு தரலாம். மிட்டாய் மாதிரி இனிப்பதால் குழந்தை எடுத்துத் தின்னும் அபாயமும் உண்டு.

அதனால கடையில "வாயில கரையற மாத்திரை குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், இந்த வயசுக்கும் எடைக்கும் ஆகுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.